ரெண்டு நம்பர் கேட்ட கோபுரக் கரை

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள்: "இன்னும் அந்த கம்ப்யூட்டர் சி-யவே புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துகினு கீறியாமே, உனக்குப் பொறுமை எங்கருந்துடா வந்துது?" நாலு முறை பதில் தட்டினேன். நாலு முறையும் அழித்தேன். கட்டைவிரலுக்குள் அடங்குகிற பதில் இல்லை அது. அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பொறுமை எனக்கு வரவில்லை. இதை எழுதும்போதும் மேஜைக்கடியில் என் வலது முழங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. சாயங்கால வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டு, தப்பு எங்கே என்று திரை முழுக்கத் தேடுவான். எனக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவன் தேடுகிற அந்த ஐந்து நிமிடமும் என் உடம்பில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கை தானாக அவன் கீபோர்டை நோக்கிப் போகும். இழுத்துத் தொடைக்கடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வேன். இது நான் ஒரு கோடையில் படித்த பாடம். அந்தக் கோடையில் நீங்களும் இருந்தீர்கள். ஆனால் அதன் கடைசி நாளில் நீங்கள் எல்லோரும் கீழே சோடா குடித்துக்கொண்டிருந்தீர்கள். மேலே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை. ஆரணி கடைத்தெருவில் அந்தப் பட்டுக்கடையின் மாடி. கீழே முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மேலே, காலியான புடவைப் பெட்டிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, யாரோ புண்ணியவான்கள் கொடுத்த ஆறு பழைய கம்ப்யூட்டர்களை வைத்து நமக்கு இலவச வகுப்பு. மானிட்டர் ஒவ்வொன்றும் தொந்தி வைத்த ஆள் மாதிரி மேஜையை அடைத்துக்கொண்டிருக்கும். அணைத்தவுடன் திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் கையிலுள்ள முடியெல்லாம் எழுந்து நிற்கும். நீலத் திரை, மஞ்சள் எழுத்து. அட்டைப்பெட்டி வாசனையும் அந்துருண்டை வாசனையும் நம் வேர்வையோடு கலந்து வரும். ஒரே ஒரு மின்விசிறி. அது முகத்தைத் திருப்பும் பக்கம் எல்லோர் சட்டையும் படபடக்கும். பின்தெரு விசைத்தறிகளின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். அது நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். நாம் தலையை நிமிர்த்துவோம். அதற்குள் நம் திரையும் போயிருக்கும்.

சார் நம்மைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். பொறியியல் படித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவர். எழுதுகிற புரோகிராம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பேச்சு, மூச்சு எல்லாம். ஒரு பெரிய அட்டையில் நல்ல பழக்கங்களை எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். வரியை உள்தள்ளி எழுது, பெயரைப் பார்த்தாலே வேலை தெரிய வேண்டும், தேவையில்லாததை வைக்காதே என்று. கடைசி வரிக்கு அடியில் மட்டும் சிவப்பில் இரண்டு கோடு.

எனக்குச் சீக்கிரம் முடித்துவிடுகிற வியாதி. முடித்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். மேஜை அதிரும், மேஜை மேல் மானிட்டர் அதிரும். ஒருநாள் சார் கடுப்பாகி, "எப்பா, முடிச்சிட்டல்ல? அந்தக் கால வெச்சிகினு சும்மா இருக்க முடியலன்னா எழுந்து போயி மத்தவங்களுக்குச் சொல்லிக் குடு" என்றார். நான் உதவியாள் ஆனது இப்படித்தான். தகுதியால் அல்ல, காலாட்டியதால்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு அரிசி ஆலையில் நெல் காயவைக்கிற வேலை. சாயங்காலம் உமி ஒட்டிய காலோடு வந்து உட்கார்ந்து கேட்டார்: "மாடி மேல இன்னாடா படிக்கிற?"

"சி-ப்பா."

"ஏ, பி எல்லாம் முடிச்சாச்சா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே கம்ப்யூட்டரிடம் எப்படிப் பேசுவது, அது எப்படி ஒரு வார்த்தை பிசகினாலும் கேட்காது என்றெல்லாம் விளக்கினேன். கடைசியில் அவர், "சரிடா, உக்காந்தாவது சொல்லு, பாக்கறதுக்கே தல சுத்துது" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் குழம்பு பொங்கிவிட்டது.

இனி அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். முள்ளிப்பட்டிலிருந்து வந்தவள். நாம் எல்லோரும் அவளை முள்ளிப்பட்டுக்காரி என்றுதான் சொல்வோம். அவர்கள் வீட்டில் பட்டுத் தறி. இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் என்ற கணக்கில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி எனக்குக் கிடைத்தது.

அன்று நட்சத்திரக் குறியால் முக்கோணம் போடும் பாடம். அவள் எழுதி முடித்து ஓட்டினாள். திரையில் முக்கோணம் வரவில்லை. "இரண்டு எண்களைக் கொடு" என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவள் கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்று, ஒன்று என்று தட்டினாள். கூட்டுத்தொகை இரண்டு என்று கண் சிமிட்டும் நேரம் வந்து மறைந்தது. திரை துடைத்த மாதிரி சுத்தமானது. பிறகு அழகாக முக்கோணம் வந்தது.

"இன்னாத்துக்கு ரெண்டு நம்பர் கேக்குது?"

"அது பழசு."

"முக்கோணத்துக்கு எதுக்கு கூட்டல்? எடுத்துடு."

"எடுத்தா அறுந்துடும்."

"இன்னா அறுந்துடும்? இது இன்னா நூலா?"

"டேய், கூட்டல் ஓடுது இல்ல? ஓடறத எவனாவது கழட்டுவானா? அதோட வால்ல முக்கோணத்த கட்டிட்டேன். ஓடுது பாரு."

ஓடியது. அதுதான் எனக்கு எரிச்சல். அவள் நோட்டில் எழுதி வைத்திருந்த முந்தைய பாடங்களையும் புரட்டிப் பார்த்தேன். பெரிய எண் எது, வாய்ப்பாடு, எல்லாமே அந்த முதல் நாள் கூட்டலின் வாலில்தான் தொடங்கின. புதுப் பாடம் வந்தால் போன வாரத்துப் பகுதியை எடுத்துவிடுவாள். கூட்டலை மட்டும் தொடமாட்டாள். அதன் நுனியில் புதியதை ஒட்டுவாள். புது ஃபைல் என்ற ஒன்றை அவள் திறந்ததே இல்லை.

இது வகுப்பு முழுக்கப் பரவியது. உங்களில் ஒருவர், இப்போது நான்கு விசைத்தறிக்குச் சொந்தக்காரர், பெயர் சொல்ல மாட்டேன், அவள் படியேறும்போதெல்லாம் வாசலை மறித்துக்கொண்டு, "ரெண்டு நம்பர் சொல்லிட்டு உள்ள போ" என்பீர்கள். அவளும், "உன் கணக்கு மார்க்க ரெண்டா பிரிச்சிச் சொல்றேன், வழிய உடு" என்பாள். நீங்கள் வழியை விட்டுவிடுவீர்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அது ஓர் அரிப்பு மாதிரி இருந்தது. சுவரில் சிவப்புக் கோடு போட்டு எழுதியிருக்கிறது, இவள் தினமும் அதற்கு எதிராகவே எழுதி, தினமும் அது ஓடியும் தொலைக்கிறது. நான் கீபோர்டைப் பிடுங்குவேன், அவள் பிடுங்குவாள். "நீ சொல்லிக் குடுக்க வந்தியா, எழுத வந்தியா?" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் நேரம் மாறியதால் வகுப்பு காலைக்கு மாறுகிறது என்று சொல்லிவிட்டு வரச் சார் என்னை முள்ளிப்பட்டுக்கு அனுப்பினார். வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் அவர்கள் வாசலில் நின்றேன். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் மணியை அடித்துக்கொண்டே நின்றேன். "உள்ள வாப்பா, இன்னாத்துக்கு மணி அடிச்சிகினு நிக்கிற, ஐஸ் விக்கறவனாட்டம்" என்று அவள் அம்மா கூப்பிட்டார்.

தறி ஓடவில்லை. நெய்து முடித்த புடவையை அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் நுனி, ஒரு முழ நீளத்துக்கு, இழைகளைப் பிரித்துப் பிடிக்கும் அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே புதுப் பாவை நீட்டிப் போட்டு, அவள் அம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று. சாம்பல் தொட்ட விரலில் வைத்து ஒரு முறுக்கு. விட்டால் இரண்டும் ஒன்றாகியிருக்கும். அடுத்தது. கண்ணுக்கே தெரியாத இழைகள், ஆயிரக்கணக்கில். அவர்கள் பாட்டுக்கு யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று பேசிக்கொண்டே முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

"இது எப்ப முடியும்?"

"முடியறப்ப முடியும்" என்றாள் அவள். பிறகு மெதுவாக, "இதான்டா. பழசு உள்ள கோத்துகினு இருந்தாதான் புதுச அதுல கட்டி இழுக்க முடியும். பழச உருவிட்டா மொத்தமும் மறுபடி ஒவ்வொரு இழையா விழுதுல கோக்கணும். எங்க ஊட்ல பழச உருவ உடவே மாட்டாங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியும் விடவில்லை. அவள் அப்பாவிடமே முறையிட்டேன். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை, புதிதாகத் தொடங்கினால் ஒரு நஷ்டமும் இல்லை, பழையதை வைத்திருந்தால்தான் சிக்கல் என்று. அவர் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். "புதுசா கோக்கறதுக்கு அங்க நேரமே ஆவாதா?" என்று நம்பாமல் கேட்டார். "ஆவாதுங்க" என்றேன். "அப்ப நல்ல தறிதான்" என்றார்.

பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார்.

"தம்பி, எங்க பொடவைக்குக் கரை வேற கலரு. ஒடம்புக்கு நான் நூலோட நாடாவத் தள்ளுவேன். எதிர்ப்பக்கத்துக் கரைக்கு இன்னொரு ஆள் உக்காந்து தள்ளணும். பெரியவ தள்ளிகினு இருந்தா. போன மாசம் படவேட்டுப் பக்கம் கட்டிக் குடுத்துட்டோம். இப்ப அந்த எடம் காலி. இதுதான் உக்காரணும்."

அவள் தலை நிமிரவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழையை முறுக்கத் தொடங்கியிருந்தாள்.

"மொதலாளிதான், கம்ப்யூட்டர் கத்துகினா டிசைனு போட ஆவும், நானே வேல தரேன்னாரு. அதான் லீவுல அனுப்பினேன். கடசி நாளு அவரே நேர்ல வந்து பாக்கறேன்னிருக்காரு. ஆவும்னு சொன்னாருன்னா பன்னண்டாவது வரைக்கும் படிக்கட்டும். ஆவாதுன்னா பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்குத் தறில உக்காந்துடும்."

முதலாளி என்றால் அவர்களுக்குப் பாவு நூலும் குறுக்கு நூலான ஊடையும் கொடுத்து நெய்து வாங்குகிறவர். அவருக்கும் அவள் அப்பாவுக்கும் கம்ப்யூட்டர் என்பது ஒரே ஒரு பொருள். அதைப் படித்தவர்களுக்கு அதிலுள்ள எல்லாம் தெரிந்துவிடும், பூப் போடவும் தெரிந்துவிடும். நாம் படித்ததற்கும் புடவை டிசைனுக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்குத் தெரியும். திரும்பி மிதிக்கும்போது அந்த வழி முழுக்க இதே யோசனை. நேராகச் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"எனக்கும் தெரியும்" என்றார் அவர். "இப்ப போயி விளக்கினா நாளைக்கே அவள நிறுத்திடுவாங்க. ஒரு கரை போட்டுக் காட்டுவோம். பாத்துட்டு சந்தோசமா போவட்டும்."

எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வேறு வழியும் படவில்லை.

கோபுரக் கரை போடுவது என்று முடிவானது. வரிசையாகக் கோபுரங்கள், எல்லாம் நட்சத்திரத்தால். அடியில் அகலம், மேலே போகப்போக ஒற்றை நட்சத்திரம். நானும் அவளும் கட்டம் போட்ட தாளில் எண்ணி எண்ணி வரைந்தோம். கோபுரத்தின் உயரம் எவ்வளவு, மொத்தம் எத்தனை கோபுரம், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். மற்றதை, சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்கிற சுழற்சி பார்த்துக்கொள்ளும். அவள்தான் எழுதினாள். நான் பின்னாலிருந்து, உள்தள்ளு, பெயர் வை, பெயர் வை என்று உயிரை எடுத்தேன்.

ஓட்டிக் காட்டினாள். முதலில் அந்தப் பாழாய்ப்போன இரண்டு எண்களைக் கேட்டது. ஏழு, ஐந்து என்று கொடுத்தாள். பன்னிரண்டு என்று மின்னி மறைந்தது. ஏழு வரி உயரத்தில் ஐந்து கோபுரங்கள் வரிசையாக வந்து நின்றன.

எனக்குப் பொறி தட்டியது. "அந்த ரெண்டு நம்பரையே எடுத்துகினியா?"

"பின்ன? கூட்டலுக்குக் கேட்டது சும்மாதான கெடக்குது, ஏ-ன்னும் பி-ன்னும். ஏ ஒயரம், பி எத்தினின்னு வெச்சிகினேன். இன்னொரு வாட்டி எதுக்குக் கேக்கணும்?"

அதுவரை அந்தக் கூட்டல் வெறும் பழசு. இப்போது கோபுரமே அதில் தொங்கியது. இழை உண்மையாகவே கட்டப்பட்டுவிட்டது. இதைத் தனியாக எழுது, கேள்வியைச் சரியாகக் கேள் என்று நானும், ஓடுகிறதா இல்லையா சொல் என்று அவளும் கடைசி நாள் வரை அடித்துக்கொண்டோம்.

அந்த நாளில் காலையிலிருந்தே கரண்ட் போய்ப் போய் வந்தது. நான் மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கீழே கடைக்காரர், "யப்பா, பேஜார் பண்ணாத, ஒண்ணு மேல இரு இல்ல கீழ இரு" என்று கத்திவிட்டார். கடைசியில் முதலாளி வந்தார். பின்னாலேயே அவள் அப்பா, வெளுத்த வேட்டியில். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்துகொள்வதற்குத் தயாராக உட்கார்ந்தார். அறை புழுங்கும் என்று சார் உங்களையெல்லாம் கீழே அனுப்பினார். நான் அவள் சிஸ்டத்துக்குப் பங்காளி என்பதால் தப்பித்தேன்.

"எல்லாரோட புரோகிராமையும் வெள்ளன வந்து சுத்தம் பண்ணிட்டேன்" என்றார் சார், கைகளைத் தேய்த்துக்கொண்டு. "உன்னதுல மேல ஒரு கூட்டல் தேவையில்லாம கெடந்துது. தூக்கிட்டேன். இப்ப பளிச்சுனு கீது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் சார் குனிந்து ஓட்டிவிட்டார்.

சார் கேள்வியை எடுத்திருந்தார். ஏ, பி என்ற பெயர்கள் மட்டும் மீதி இருந்தன. அவற்றுக்குள் என்ன எண் என்று சொல்ல யாரும் இல்லை. அப்படி விட்டால் சி தப்பு என்று சொல்லாது. அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன குப்பை கிடக்கிறதோ அதையே எண்ணாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். தொடங்கியது. திரை முழுக்க நட்சத்திரம். மேலிருந்து கீழே, நிற்காமல், கோபுரமும் இல்லை கரையும் இல்லை, கொட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னாப்பா இது, ஆலங்கட்டி மழையாட்டம்?" என்று முதலாளி சிரித்தார். அவள் அப்பா சிரிக்கவில்லை. சார் எதையெதையோ அழுத்தி அதை நிறுத்தினார். அவர் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

பழைய ஃபைலின் ஒரு நகலை நாம் எழுதிய அந்த நீலத் திரை மென்பொருளே ரகசியமாக வைத்திருக்கும் என்பது இன்று எனக்குத் தெரியும். வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுகிறேன். அன்று அது எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது.

என் கை கீபோர்டுக்குப் போனது.

"கைய எடுடா."

எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். சார் மறுபக்கத்திலிருந்து, "இரு, இரு, நான் போட்டுடறேன், ஜல்தியா முடிச்சிடலாம்" என்று குனிந்தார்.

"சார், அவளே பாக்கட்டும் சார்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சார் என்னை முறைத்தார். ஆனால் நிமிர்ந்துவிட்டார்.

அவள் திரைக் கண்ணாடியில் விரலை வைத்தாள். மேலிருந்து ஒவ்வொரு வரியாக, முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். "இது கீது... இது இங்க போவுது... இது எங்கருந்து வருது?" விரல் நின்றது. மறுபடி மேலே போனது. மறுபடி இறங்கியது. அவள் அப்பா எப்போது எழுந்தார் என்று தெரியாது. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே படி வரைக்கும் போனார், வந்தார், மறுபடி போனார்.

"சார், தல அறுந்துபோச்சி சார். மேல கேட்ட ரெண்டு நம்பருதான் இங்க வரைக்கும் ஓடுது."

சாருக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப... அந்தக் கூட்டலத் திருப்பிப் போட்டுடு."

அவள் திரையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, "கூட்டல் இன்னாத்துக்கு சார்?" என்றாள். மேலே போய் இரண்டு புதுக் கேள்விகளை எழுதத் தொடங்கினாள்.

விசைத்தறிச் சத்தம் நின்றது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அன்றைக்கென்று கீழே கடையிலிருந்து கொண்டுவந்து மேஜைக்கடியில் வைத்திருந்த யூபிஎஸ் பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். அவள் ஓட்டினாள். தப்பு என்றது. ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி இல்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது, அவளுக்கு இன்னும் தெரியவில்லை. பீப். விரல் இறங்குகிறது. பீப். என் விரல்கள் தொடைக்கடியில் நசுங்கி மரத்துப்போயின. அவளே கண்டுபிடித்தாள். போட்டாள். ஆனால் சேமிக்காமல் ஓட்டப் போனாள். கையை அடக்கியவனுக்கு வாயை அடக்க முடியவில்லை. "எஃப் டூ! எஃப் டூ அழுத்து!" என்று அலறிவிட்டேன். முதலாளி திடுக்கிட்டு போனை வைத்துவிட்டார்.

அழுத்தினாள். ஓட்டினாள். கறுப்புத் திரையில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, ஒரு கேள்வி வந்து நின்றது.

"இன்னா கேக்குது?" என்றார் அவள் அப்பா.

"கோபுரம் எத்தினின்னு கேக்குதுப்பா. நீ சொல்லு."

"நானா?" அவர் முதலாளியைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "ஒரு... ஆறு."

"ஒயரம்?"

"எட்டு போடு."

ஆறு கோபுரங்கள் வந்து வரிசையாக நின்றன. அவர் குனிந்து ஒவ்வொன்றின் உச்சியையும் பார்த்தார். எண்ணுகிறார் என்று உதடு சொன்னது.

"எதிர்க்கரைக்கு இது தலகீழா வரணுமே?"

"வரும்ப்பா. இப்ப ஒண்ணுலருந்து ஏறிகினே போவுது இல்ல, அத எட்டுலருந்து எறங்க வெக்கணும். அது இன்னும் எழுதல."

முதலாளியும் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், குத்திக்காட்டும் குணம் இல்லை. "நல்லாத்தான் கீது. ஆனா சார், நம்ம டிசைன் மெஷினுக்கு இது இல்லியே. அதுக்குப் படம் வரையற சாப்ட்வேரு தனியா கீது. இத வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

"இது அடிப்படைங்க. லாஜிக். இது வந்துட்டா..." சார் சொல்லிக்கொண்டே போனார்.

"லாஜிக்குல பொடவ விக்க முடியுமா சார்?" என்று முதலாளி சாரின் தோளைத் தட்டினார். "அந்த வேலைக்கு இது ஆவாது. பொண்ணு கெட்டிக்காரி, அது வேற."

யூபிஎஸ் நீளமாக ஒரு முறை கத்திவிட்டு அடங்கியது. கோபுரங்கள் ஒரு புள்ளியாகச் சுருங்கித் திரையின் நடுவில் மறைந்தன. அவள் கீபோர்டில் கை வைத்தபடியே இருந்தாள்.

முதலாளி இறங்கிப் போனார். அவள் அப்பா அவருக்குப் பின்னால் போனார். சார் என்னிடம் காலி பன்னீர் சோடா பாட்டில்களைக் காட்டிக் கீழே கொண்டுபோகச் சொன்னார். அவருக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு கையிலும் பாட்டில்களோடு படியின் திருப்பத்துக்கு வந்தபோது, கீழ்ப்படியில் அவர்கள் குரல் கேட்டது.

"மொதலாளி, ஒரு நிமிசம்ங்க. கரைக்கு ஒரு ஆள் வேணுங்க. யாராவது இருந்தா சொல்லி விடுங்க."

"ஏன்யா, பொண்ணு உக்காரும்னியே?"

"அதுக்கு ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குதுங்க."

"அட, நான்தான் ஆவாதுன்னு சொன்னேனே."

"உங்களுக்கு ஆவாதுங்க." வெற்றிலை துப்புகிற சத்தம். "எதிர்க்கரை இன்னும் எழுதலியாம்ங்க. பாதில எப்பிடி உடறது?"

முதலாளி என்ன பதில் சொன்னார் என்று காதில் விழவில்லை. என் கையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டதில் எல்லாம் மூழ்கிவிட்டது.

மேலே ஓடி வந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "இன்னாடா பாக்கற, வழிய உடு" என்றாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அவள் அப்பா அல்லவா சொல்ல வேண்டும்? நான் சொன்னால் அதுவும் கீபோர்டைப் பிடுங்குகிற மாதிரிதானே? பல்லைக் கடித்துக்கொண்டு வழியை விட்டேன். ஆனால் வீட்டுக்குப் போக முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே பஸ் நிலையத்துக்குப் போனேன். அவர் முன்னால், அவள் நாலு அடி பின்னால். வழியில் அவர் வாழைப்பழம் வாங்கினார். பாக்கு வாங்கினார். சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று எனக்குள் கத்திக்கொண்டே நடந்தேன்.

ஏறி உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் அவள், வெளியே வெறித்துக்கொண்டு. பஸ் நகர்ந்து, எதிரே நெல் மூட்டை லாரி ஒன்று குறுக்கே நின்றதால் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் வாய் அசைந்தது. இரண்டு வார்த்தை, மிஞ்சிப்போனால் மூன்று. அவள் திரும்பினாள். ஏதோ கேட்டாள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு மறுபடி சொன்னார். அவள் அவர் தோளில் பட்டென்று ஓர் அடி அடித்தாள். பிறகு துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் பழத்தை உரித்து அவள் மடியில் வைத்தார்.

லாரி வழி விட்டது. பஸ் கிளம்பும்போது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். சைக்கிளோடு நிற்கிற என்னைக் கண்டதும் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்:

"டேய்! எதிர்க்கரைய நீ எழுதி வெச்சிடாத!"